எச்சங்களை வரைந்து படிப்பது எப்படி: கடலூர்க் கிணறுகளை வைத்து ஒரு விளக்கம்

ஆய்வேட்டுக்காகத் தரவைப் பகுப்பாய்வு செய்துகொண்டு வரும் மாணவர்களின் கணினி அச்சுத் தாள்களில் பெரும்பாலும் ஓர் எண்ணின் மேல் மட்டும் மஞ்சள் பேனா ஓடியிருக்கும். அது ஆர்-ஸ்கொயர், அதாவது அளந்த மதிப்புகளின் ஏற்ற இறக்கத்தில் எத்தனை பங்கைக் கோடு விளக்குகிறது என்ற அளவு. அடுத்த பக்கத்தில் மென்பொருள் வரைந்து கொடுத்த நான்கு படங்கள் இருக்கும். அவற்றின் கீழே "எடுகோள்கள் நிறைவேறியுள்ளன" என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த நான்கு படங்களையும், மென்பொருள் தானாக வரைந்து தராத வேறு சில படங்களையும் எந்த வரிசையில், எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு, அதாவது ரெக்ரஷன், போடத் தெரிந்தவர்களுக்காக இது எழுதப்படுகிறது. மீச்சிறு வர்க்க முறையின் பாலபாடத்திலிருந்து தொடங்கவில்லை.

எடுத்துக்காட்டாகக் கடலூர்க் கரையோரக் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து கிணறு எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது சாரா மாறி. அந்த நீரின் மின்கடத்துதிறன் சார்ந்த மாறி. நீரில் கரைந்த உப்பு கூடக் கூட மின்கடத்துதிறனும் கூடும். அதைச் சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்று கையடக்கக் கருவியாலேயே அளந்துவிடலாம். வடக்கே பெண்ணையாற்று முகத்துவாரத்தில் உள்ள தாழங்குடாவிலிருந்து தெற்கே சித்திரைப்பேட்டை வரை 60 கிணறுகளில் நீர் எடுத்து அளந்ததாக வைத்துக்கொள்வோம். ஊர்களும் ஆறுகளும் உண்மையானவை. கிணறுகளின் எண்கள் பயிற்சிக்காக நான் உருவாக்கியவை. ஆகவே இவற்றைக் கடலூரின் நீர்த்தரம் பற்றிய முடிவுகளாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோடு போட்டபின் ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு எண்கள் கிடைக்கின்றன: சமன்பாடு எதிர்பார்க்கும் மதிப்பு ஒன்று, அளந்த மதிப்பிலிருந்து அதைக் கழித்தால் வரும் எச்சம் ஒன்று. தமிழ் இலக்கணத்தில் முடிவு பெறாமல் நின்று வேறொரு சொல்லைத் தேடும் வினையை எச்சம் என்கிறோம். புள்ளியியலில் இந்தச் சொல்லை யார் முதலில் வைத்தார்களோ, பொருத்தமாகவே வைத்திருக்கிறார்கள், ஏனெனில் சமன்பாடு சொல்லி முடிக்காமல் விட்டதுதான் இங்கும் எச்சம். நமக்குத் தேவையான எடுகோள்கள் நான்கு. தொடர்பு உண்மையிலேயே நேர்கோடாக இருக்க வேண்டும். ஒரு கிணற்றின் பிழைக்கும் மற்றொன்றின் பிழைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிழைகளின் சிதறல் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அவை மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்ற வேண்டும். இந்த வரிசையை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். முதலாவது தவறினால் விடையே தவறு. கடைசியானது தவறினால் பல நேரங்களில் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. மாணவர்களோ கடைசியானதில்தான் பாதி நாளைச் செலவிடுகிறார்கள்.

படம் ஏன் வேண்டும்

பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு சிறிய தரவுத் தொகுதிகளை ஒருமுறையாவது உங்கள் கையால் வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சாரா மாறியின் சராசரி 9. சார்ந்த மாறியின் சராசரி ஏறத்தாழ 7.5; ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, கோட்டின் வெட்டு 3, சாய்வு 0.5, ஆர்-ஸ்கொயர் 0.67. அச்சுத் தாளில் நான்கும் ஒரே குடும்பம். வரைந்தாலோ, முதலாவது சாதாரணமான சிதறல், இரண்டாவது தெளிவான வளைவு, மூன்றாவது ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே எகிறிய நேர்கோடு, நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில் நிற்க, தனியே நிற்கும் பதினோராவது புள்ளி ஒன்றே முழுக் கோட்டையும் உண்டாக்குகிறது. மஞ்சள் பேனா ஓடிய எண் இந்த நான்கில் எதுவென்று சொல்லாது.

எச்சத்தை எதற்கு எதிராக வரைவது

முதலில் படிக்க வேண்டியது, கிடை அச்சில் சமன்பாடு எதிர்பார்க்கும் மதிப்பும் செங்குத்து அச்சில் எச்சமும் உள்ள படம். கிடை அச்சில் அளந்த மதிப்பை வைத்துவிடுவது மிகப் பரவலான பிழை. அப்படி வரைந்தால், மாதிரி எவ்வளவு சரியானதாக இருந்தாலும், புள்ளிகள் கீழிருந்து மேலேறும் சரிவாகத்தான் தெரியும். எச்சத்துக்கும் அளந்த மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவு, 1இலிருந்து ஆர்-ஸ்கொயரைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சமம். ஆர்-ஸ்கொயர் 0.67 என்றால் அது 0.57. அந்தச் சரிவைக் கண்டு பயந்து, நல்ல சமன்பாட்டைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எக்செல் பயன்படுத்துவோருக்கு இன்னோர் எச்சரிக்கை: அதன் ரெக்ரஷன் கருவி "இயல்நிலை நிகழ்தகவு" என்ற பெயரில் தரும் படம் எச்சங்களை வரைவதில்லை, சார்ந்த மாறியை வரைகிறது. எச்சங்களைத் தனிப் பத்தியில் எடுத்து நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

நல்ல படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. சுழியில் ஒரு கிடைக்கோடு, அதன் மேலும் கீழும் வேலி போட்டதுபோல ஒரே அகலத்தில் சிதறிய புள்ளிகள். எதையாவது ஒரு வடிவமாகச் சொல்ல முடிந்தால், சமன்பாடு எதையோ விட்டிருக்கிறது என்று பொருள்.

நம் 60 கிணறுகளுக்கு, மின்கடத்துதிறனை அப்படியே வைத்துக் கோடு போட்டால், படம் இப்படி வரும். இடது ஓரத்தில், அதாவது கடலிலிருந்து தொலைவான கிணறுகளில், எச்சங்கள் சுழிக்கு மேலே, நடுவில் கீழே, வலது ஓரத்தில், கடலை ஒட்டிய கிணறுகளில், மீண்டும் மேலே. தொங்கவிட்ட கயிறு போன்ற இந்த வளைவு, உப்பு ஒரே வேகத்தில் குறைவதில்லை என்பதைச் சொல்கிறது. கரையருகே வேகமாகவும் உள்ளே போகப் போக மெதுவாகவும் குறைவதை ஒரு நேர்கோடு பின்தொடர முடியாது. இதே படத்தில் இரண்டாவது வடிவம் ஒன்றும் தெரிகிறது: இடதுபுறம் புள்ளிகள் நெருங்கியும் வலதுபுறம் அகன்றும், கிடத்திவைத்த புனல் போல. 400 மைக்ரோசீமன்ஸ் உள்ள இடத்தில் கிணற்றுக்குக் கிணறு 100 மாறும். 4,000 உள்ள இடத்தில் 1,000 மாறும். வளைவையும் புனலையும் தனித்தனியே பார்க்கப் பழகுங்கள், ஏனெனில் வளைவு கோட்டின் வடிவத்தைப் பற்றிய குறை, புனல் சிதறலைப் பற்றிய குறை. இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை.

இந்தப் படத்தில் மென்பொருள் ஒரு சிவப்புக் கோட்டையும் வரையும். வில்லியம் கிளீவ்லண்ட் 1979இல் முன்வைத்த லோவெஸ் முறையில், அக்கம்பக்கப் புள்ளிகளை மட்டும் வைத்துப் போகும் மிருதுவான கோடு அது. அதன் நடுப்பகுதியை நம்புங்கள். இரண்டு முனைகளையும் அதிகம் நம்ப வேண்டாம். முனையில் மூன்று, நான்கு புள்ளிகளே இருப்பதால், ஒரு கிணறு இடம் மாறினாலும் கோட்டின் வால் ஆடும். புனலிலும் இப்படியொரு கண்மயக்கு உண்டு. புள்ளிகள் அடர்ந்த இடத்தில் சிதறல் கூடுதலாகத் தெரியும். 40 பேர் நிற்கும் வரிசையில் மிக உயரமானவருக்கும் மிகக் குட்டையானவருக்கும் உள்ள இடைவெளி, 5 பேர் வரிசையில் உள்ளதைவிடப் பெரிதாக இருப்பது இயல்புதானே. எனவே ஓரங்களை மட்டும் பார்க்காமல், புள்ளிகளின் பெரும்பகுதி எந்த அகலத்தில் கிடக்கிறது என்று பாருங்கள்.

சில நேரம் எச்சங்கள் இடமிருந்து வலம் இறங்கும் இணைகோடுகளாக வரிசை கட்டி நிற்கும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் காரணம் எளிது: சார்ந்த மாறி சில குறிப்பிட்ட மதிப்புகளை மட்டுமே எடுக்கிறது. கருவி நூறு நூறாகத்தான் காட்டும் என்றாலோ, கேள்வித்தாளில் 1 முதல் 5 வரை மதிப்பெண் என்றாலோ இது வரும். அளந்த மதிப்பு ஒன்றாகவே இருக்க, எதிர்பார்த்த மதிப்பு ஒன்று கூடினால் எச்சம் ஒன்று குறையும். அந்தக் கோடுகள் அதைத்தான் காட்டுகின்றன.

மடக்கை எடுத்தபின்

சார்ந்த மாறி எப்போதும் மிகை எண்ணாக இருந்து, சராசரி கூடும்போது சிதறலும் அதே விகிதத்தில் கூடினால், மடக்கை எடுப்பதே முதலில் முயல வேண்டியது. மின்கடத்துதிறன் சுழியாவதில்லை என்பதால் இங்கே சிக்கல் இல்லை. இயல் மடக்கை எடுத்துக் கோடு போட்டதில் சாய்வு −0.25 என்று வந்தால், கடலிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் விலகும்போதும் மின்கடத்துதிறன் 0.78ஆல் பெருகுகிறது, அதாவது ஏறத்தாழ 22 விழுக்காடு குறைகிறது என்று படிக்க வேண்டும். 25 விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள். மீண்டும் மைக்ரோசீமன்ஸுக்குத் திரும்பும்போது, கிடைப்பது சராசரியைவிட இடைநிலை அளவுக்கு நெருக்கமானது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மடக்கையா, வர்க்கமூலமா, தலைகீழா என்று முடிவு செய்ய ஜார்ஜ் பாக்ஸும் டேவிட் காக்ஸும் 1964இல் தந்த முறை இருக்கிறது. ஆனால் அது 0.13 என்று ஓர் அடுக்கைச் சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆய்வேடு முழுவதும் யாருக்கும் புரியாத அலகில் எழுதுவதைவிட, அருகிலிருக்கும் மடக்கையை எடுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

மடக்கைக்குப் பின் புனல் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்கத்தான் மூன்றாவதாக வரும் அளவு-இடப் படம். அதில் எச்சங்களைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, குறியை நீக்கி, வர்க்கமூலம் எடுத்து வரைவார்கள். குறியை நீக்கியதால் மேலும் கீழும் பார்க்க வேண்டியதில்லை. வர்க்கமூலம் எடுத்ததால் ஓரிரு பெரிய எச்சங்கள் படத்தை இழுத்துச் செல்வதில்லை. பிழைகள் இயல்நிலையில் சமச் சிதறலோடு இருந்தால், அந்தப் படத்தின் சிவப்புக் கோடு 0.8 உயரத்தில் ஏறத்தாழக் கிடையாகப் போகும். 0.5இலிருந்து 1.2க்கு ஏறினால் புனல் இன்னும் இருக்கிறது. மடக்கையும் உதவாத நிலையில், சிதறல் கூடிய புள்ளிகளுக்குக் குறைந்த எடை தரும் எடையிட்ட மீச்சிறு வர்க்க முறை உண்டு. அல்லது சாய்வை அப்படியே வைத்துக்கொண்டு, ஹால்பர்ட் ஒயிட் 1980இல் காட்டிய வழியில் திட்டப் பிழைகளை (சாய்வின் மதிப்பு எவ்வளவு ஊசலாடக்கூடும் என்ற அளவுகளை) மட்டும் திருத்திக்கொள்ளலாம். சமச் சிதறல் இல்லாததால் சாய்வு ஒருபக்கம் சாய்ந்துவிடுவதில்லை. அதன் நம்பிக்கை இடைவெளிதான் பொய் சொல்லும்.

க்யூ-க்யூ படத்துக்கு எவ்வளவு மரியாதை

எச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, இயல்நிலைப் பரவலில் அதே இடத்தில் எதிர்பார்க்கப்படும் மதிப்புகளுக்கு எதிராக வரைவது க்யூ-க்யூ படம். எதிர்பார்க்கும் மதிப்பு கிடை அச்சில் இருந்தால், இடது முனை கோட்டுக்குக் கீழேயும் வலது முனை மேலேயும் போவது, இயல்நிலையில் வர வேண்டியதைவிடப் பெரிய விலகல்கள் இருபுறமும் உண்டு என்பதைக் காட்டும். இரண்டு முனைகளும் கோட்டுக்கு மேலே போனால் வலதுபக்கச் சாய்வு. மடக்கை எடுக்காத நம் கிணறுகள் அப்படித்தான் காட்டும். நடுவில் மட்டும் படிக்கட்டுபோல இடைவெளி தெரிந்தால் இரண்டு வகைக் கிணறுகள் கலந்திருக்கின்றனவா என்று கேளுங்கள்.

இயல்நிலை எச்சங்களுக்குத்தான் வேண்டும். சார்ந்த மாறிக்கு வேண்டியதில்லை. சாய்வின் நம்பிக்கை இடைவெளியைப் பொறுத்தவரை, 60 கிணறுகள் இருக்கும்போது முனைகளில் சிறு விலகல் இருந்தால் கவலைப்பட வேண்டாம், பல பிழைகள் சேர்ந்த சராசரி தானே இயல்நிலையை நெருங்கும் என்கிற மைய எல்லைத் தேற்றம் பெருமளவு கைகொடுக்கும். ஆனால் புதிதாகத் தோண்டப்போகும் ஒரு கிணற்றின் உப்பு எந்த இடைவெளிக்குள் இருக்கும் என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், அப்போது முனைகள் முக்கியம். அங்கே தேற்றம் உதவாது. இயல்நிலையைச் சோதிக்கும் ஷாபிரோ-வில்க் சோதனையின் எண்ணை மட்டும் எழுதுவது இரண்டு வழியிலும் ஏமாற்றும்: 15 கிணறுகள் இருந்தால் பெரிய விலகலையும் அது தவறவிடும், 5,000 இருந்தால் பொருட்படுத்த வேண்டாத விலகலையும் பிடித்துக்கொண்டு கூச்சலிடும்.

கண் பழகாதவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. காவல்துறை நடத்தும் அடையாள அணிவகுப்பு போன்றது. உங்கள் சமன்பாடு முற்றிலும் சரி என்று வைத்துக்கொண்டு, கணினியைக் கொண்டு 19 முறை போலி எச்சங்களை உருவாக்கி வரையுங்கள். உங்கள் உண்மையான படத்தை அவற்றுக்கு நடுவே ஏதோ ஓர் இடத்தில் வையுங்கள். தரவை அறியாத ஒருவரிடம் இருபதையும் காட்டி, வித்தியாசமானது எது என்று கேளுங்கள். அவர் உங்கள் படத்தையே தொட்டால், தற்செயலாக அது நிகழும் வாய்ப்பு 20இல் 1. நமக்குப் பழக்கமான 0.05 அதுதான். ஆண்ட்ரியாஸ் பூஜாவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் இந்த முறையை முறையாக எழுதி வெளியிட்டார்கள். போலிப் படங்களிலேயே எத்தனை வளைவுகளும் புனல்களும் தற்செயலாகத் தோன்றுகின்றன என்பதை ஒருமுறை பார்த்தவர், அதன் பிறகு சிறு நெளிவைக் கண்டு பதற மாட்டார்.

பண்ருட்டிக் கிணறு

இப்போது 60 கிணறுகளில் 59, கடலிலிருந்து 0.5 முதல் 9.5 கி.மீ. வரை ஏறத்தாழச் சீராகப் பரவியிருக்கின்றன என்றும், ஒன்று மட்டும் 25 கி.மீ. உள்ளே பண்ருட்டிப் பக்கம் இருக்கிறது என்றும் கொள்வோம். இப்படியொரு கிணறு தரவுக்குள் வருவது அரிதல்ல. தரவு எடுத்த மாணவியின் பாட்டி வீடு அங்கே இருக்கும், பொங்கலுக்குப் போனபோது கருவியும் பையில் இருந்திருக்கும்.

சாரா மாறியின் மையத்திலிருந்து ஒரு புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அளப்பது லெவரேஜ். தமிழில் நெம்புவலு என்று சொல்லலாம். கடப்பாரையின் நுனியைப் பிடித்தவருக்குக் கிடைக்கும் வலு போன்றதுதான். இதைக் கணக்கிட உப்பின் அளவே வேண்டாம், தொலைவு மட்டும் போதும். எல்லா நெம்புவலுக்களின் கூட்டுத்தொகை சமன்பாட்டில் உள்ள கெழுக்களின் எண்ணிக்கைக்குச் சமம். இங்கே வெட்டும் சாய்வுமாக 2. எனவே ஒரு கிணற்றின் சராசரிப் பங்கு 2/60, அதாவது 0.033. சராசரியைப் போல் இரண்டு மூன்று மடங்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். மேலே சொன்ன பரவலில் பண்ருட்டிக் கிணற்றுக்கு 0.51 வருகிறது. பதினைந்து மடங்கு.

இதன் விளைவைப் புரிந்துகொள்வது இந்த விளக்கத்திலேயே முக்கியமான இடம். மற்ற 59 கிணறுகளை மட்டும் வைத்து வரைந்த கோட்டிலிருந்து ஒரு கிணறு எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலகலில் (1 − நெம்புவலு) என்ற பங்கு மட்டுமே எச்சமாக வெளியே தெரியும். பண்ருட்டிக்கு அது 49 விழுக்காடு. மீதியைக் கோடு அந்தக் கிணற்றை நோக்கி வளைந்துகொடுத்து மறைத்துவிடுகிறது. ஆகவே நெம்புவலு மிக்க புள்ளியின் எச்சம் சிறிதாக இருப்பது அது நல்ல பிள்ளை என்பதற்குச் சான்று ஆகாது. இதற்காகத்தான் எச்சங்களை நேரடியாகப் பயன்படுத்தாமல், நெம்புவலுவுக்கும் ஈடுகட்டித் தரப்படுத்திய எச்சங்களை வரைகிறோம்.

நான்காவது படம் கிடை அச்சில் நெம்புவலுவையும் செங்குத்து அச்சில் தரப்படுத்திய எச்சத்தையும் வைக்கிறது. ஆர் மென்பொருள் அதில் 0.5, 1 என்று குறித்த வளைகோடுகளையும் போடும். அவை டென்னிஸ் குக் 1977இல் தந்த தொலைவின் எல்லைகள்: ஒரு புள்ளியை நீக்கிவிட்டு மீண்டும் கோடு போட்டால், கோடு மொத்தத்தில் எவ்வளவு இடம்பெயரும் என்பதை அந்தத் தொலைவு சொல்கிறது. தரப்படுத்திய எச்சத்தின் வர்க்கத்தைக் கெழுக்களின் எண்ணிக்கையால் வகுத்து, நெம்புவலுவை (1 − நெம்புவலு)வால் வகுத்து வரும் எண்ணால் பெருக்கினால் அது கிடைக்கும். கையால் இரண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூட்டத்தின் நடுவே, நெம்புவலு 0.03 உள்ள ஒரு கிணற்றின் தரப்படுத்திய எச்சம் 3. இது பெரிய விலகல், எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் குக் தொலைவு 0.14தான். நெம்புவலு 0.51 உள்ள கிணற்றின் எச்சம் வெறும் 1.5 என்றால், யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குக் தொலைவோ 1.17. முதலாவது சத்தம் போடுகிறது, இரண்டாவது கோட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது.

பிறகு என்ன செய்வது? நீக்கிவிடலாமா என்றுதான் உடனே கேட்பார்கள். முதலில் குறிப்பேட்டை எடுங்கள். 1,250ஐ 12,500 என்று தட்டச்சு செய்திருக்கலாம். ஒரு கருவி டெசிசீமன்ஸ்/மீட்டரில் காட்டியதை மைக்ரோசீமன்ஸ் என்று எழுதியிருக்கலாம், ஒன்றுக்கு மற்றொன்று ஆயிரம் மடங்கு. எழுத்துப்பிழை இல்லை என்றால், சமன்பாடு அந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கரையில் 4,000 மைக்ரோசீமன்ஸ், கிலோமீட்டருக்கு −0.25 சாய்வு என்றால், 25 கி.மீ. தொலைவில் எதிர்பார்க்கும் மதிப்பு 8 மைக்ரோசீமன்ஸ்கூட இல்லை. பண்ருட்டிக் கிணற்றில் பேட்டரிக்கு ஊற்றும் நீர் ஊறுகிறது என்கிறது சமன்பாடு. நிலத்தடி நீருக்கு மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கிடைக்கும் அடிப்படை உப்பு என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே குறைவு தொடராது. ஆகவே குற்றம் கிணற்றில் இல்லை, கரையோரத்துக்குப் பொருந்தும் கோட்டை 25 கி.மீ. இழுத்துக்கொண்டு போனதில் இருக்கிறது. இங்கே அந்தக் கிணற்றை விலக்கிவிட்டு, "கடலிலிருந்து 10 கி.மீ.க்கு உட்பட்ட கிணறுகளுக்கு மட்டும்" என்று ஆய்வின் எல்லையை எழுத்தில் சுருக்குவது நியாயமானது. எல்லையைச் சுருக்காமல் புள்ளியை மட்டும் நீக்குவது நியாயமில்லை. எப்படியாயினும் இரண்டு கோடுகளின் சாய்வையும் ஆய்வேட்டில் கொடுங்கள்.

குக் தொலைவுக்கு ஒரு பலவீனம் உண்டு: அது ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே நீக்கிப் பார்க்கிறது. பாட்டி வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாக இரண்டு பண்ருட்டிக் கிணறுகள் இருந்தால், ஒன்றை நீக்கினாலும் மற்றொன்று கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டின் தொலைவும் சிறிதாகவே தெரியும். சிதறல் படத்தைக் கண்ணால் பார்த்தால் இந்தக் கூட்டுச் சதி உடனே தெரிந்துவிடும்.

மென்பொருள் வரையாத படங்கள்

நான்கு படங்களும் சுத்தமாக வந்துவிட்டன என்று கொள்வோம். பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இரண்டாவது எடுகோளை, ஒரு கிணற்றின் பிழை மற்றொன்றின் பிழையைச் சாராதது என்பதை, அந்த நான்கில் ஒன்றுகூடச் சோதிக்கவில்லை.

சமன்பாட்டில் இல்லாத ஒவ்வொரு தகவலுக்கும் எதிராக எச்சங்களை வரைய வேண்டும்: ஊர், கிணற்றின் ஆழம், அளந்த தேதி, அளந்த ஆள், இடம். கடலூர் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டம். செப்டம்பரில் அளந்த கிணற்றையும் டிசம்பரில் அளந்த கிணற்றையும் ஒரே பட்டியலில் வைத்தால், தேதிக்கு எதிரான படத்தில் எச்சங்கள் மழைக்குப் பின் மொத்தமாகக் கீழே இறங்கியிருப்பதைக் காணலாம். இதைச் சோதிக்க, அடுத்தடுத்த வரிசைகளின் எச்சங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று அளக்கும் டர்பின்-வாட்சன் எண்ணை எழுதுவோர் பலர். 2க்கு அருகில் இருந்தால் நல்லது என்பார்கள். அந்த எண் அட்டவணையில் வரிசைகள் இருக்கும் ஒழுங்கைச் சார்ந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊர்ப் பெயரின் அகரவரிசையில் அடுக்கிய தரவுக்கு ஓர் எண், தேதிவாரியாக அடுக்கினால் வேறோர் எண். வரிசைக்குப் பொருள் இல்லாதபோது எண்ணுக்கும் பொருள் இல்லை.

கிணறுகளுக்கு எல்லாவற்றையும்விடப் பயனுள்ள படம் நிலப்படம்தான். ஒவ்வொரு கிணற்றையும் அதன் இடத்தில் வைத்து, எச்சம் மிகையானால் சிவப்பு, குறையானால் நீலம் என்று வண்ணம் கொடுங்கள். புள்ளியின் பருமன் எச்சத்தின் அளவு. எச்சங்கள் சாராமல் இருந்தால் சிவப்பும் நீலமும் அரிசியில் உளுந்து கலந்ததுபோல எங்கும் கிடக்கும். நம் தரவில் அப்படி இல்லை. சிவப்பு எல்லாம் கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு நீண்ட வால்போல, கரைக்கு இணையாக, பச்சையாங்குப்பம், குடிகாடு வழியாக வரிசை கட்டுகிறது. நிலப்படத்தின் மேல் ஆறுகளையும் வரைந்தவுடன் காரணம் தெரிந்துவிடும்: அது உப்பனாறு. ஓதம் ஏறும்போது உப்பு நீர் இந்தக் கழி வழியாக உள்ளே வருகிறது. கடற்கரை மணலிலிருந்து 2 கி.மீ. தள்ளியிருக்கும் ஒரு கிணறு, உப்பனாற்றிலிருந்து 200 மீட்டரில் இருக்கலாம். "கடலிலிருந்து தொலைவு" என்று நாம் அளந்தது, உப்பு வரும் வழியை அளக்கவில்லை. நான்கு படங்களும் இதைப் பிடிக்காததற்குக் காரணம், சிவப்புப் புள்ளிகள் எதிர்பார்க்கும் மதிப்பின் அச்சில் அதே தொலைவிலுள்ள மற்றக் கிணறுகளோடு கலந்து, சாதாரணச் சிதறல் வேடம் போட்டிருந்ததுதான்.

மாற்ற வேண்டியது சாரா மாறியை. கடல், கழி இரண்டில் எது அருகிலோ அதற்கான தொலைவை எடுத்து மீண்டும் கோடு போடுங்கள். இப்போது நிலப்படத்தில் சிவப்பு வால் மறைந்து, தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் சில பெரிய நீலப் புள்ளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. கடலை ஒட்டியே நல்ல நீர். கிணற்றின் ஆழத்துக்கு எதிராக வரைந்தால், அவையெல்லாம் ஆழ்துளைக் கிணறுகள். மேலே உள்ள மணலிலும் வண்டலிலும் ஊறும் நீர் ஒன்று. கீழே கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட பாறையடுக்கில் அழுத்தத்தோடு இருக்கும் நீர் வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க இரவும் பகலும் இறைத்துக் கொட்டுகிறார்களே, அது இந்த ஆழ்நீர்தான். இரண்டு நீர்களுக்கும் ஒரே கோடு பொருந்தாது. ஆழம் குறைந்தவை, மணற்கல்லை எட்டியவை என்று ஒரு வகைமாறியைச் சேர்த்து, சாய்வும் இரண்டுக்கும் வேறுபட அனுமதியுங்கள்.

ஒரே ஊரின் கிணறுகள் அதன் பிறகும் ஒரே நிறத்தில் கூடி நின்றால், ஒவ்வோர் ஊருக்கும் தனி விலகலை அனுமதிக்கும் கலப்பு மாதிரிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஒரே ஊரின் பத்துக் கிணறுகளைப் பத்துத் தனிச் சாட்சிகளாக எண்ணி, திட்டப் பிழையை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டிவிடுவீர்கள். சாரா மாறிகள் பலவானபின் ஒவ்வொன்றின் வளைவையும் தனியே பார்க்கப் பகுதி எச்சப் படம் உதவும். சார்ந்த மாறி ஆம், இல்லை என்ற இரண்டு மதிப்புகள் மட்டுமே உடையதாக இருந்தால், எடுத்துக்காட்டாக "குடிக்கலாமா" என்பது போல, இங்கே சொன்ன கண்ணை அப்படியே கொண்டுபோகாதீர்கள்; லாஜிஸ்டிக் ரெக்ரஷனின் எச்சங்கள் எப்போதும் இரண்டு பட்டைகளாகத்தான் விழும், அது குறையல்ல. அங்கே எதிர்பார்க்கும் மதிப்புகளைச் சிறு கூடைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூடையின் சராசரி எச்சத்தையும் வரைந்து பார்க்க வேண்டும்.

ஆய்வேட்டில் எப்படி வைப்பது

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்பும் எல்லாப் படங்களையும் மீண்டும் வரையுங்கள். மடக்கை எடுத்ததும் நெம்புவலு மாறாது, ஆனால் எச்சங்கள் மாறுவதால் குக் தொலைவு முழுவதும் மாறிவிடும், சாரா மாறியை மாற்றினாலோ நெம்புவலுவும் மாறும். மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள், மூன்றை ஒரே நேரத்தில் செய்தால் எது எதைச் சரிசெய்தது என்று சொல்ல முடியாது. அலகு மாறாத இரண்டு படங்களை, கடல் தொலைவு வைத்த நிலப்படத்தையும் கழித் தொலைவு வைத்த நிலப்படத்தையும் போல, முன்னும் பின்னுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒரே அளவுகோலையே இரண்டுக்கும் கொடுங்கள். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தன் விருப்பப்படி அளவை நீட்டிக் குறுக்கிவிடுவதால், பாதியாகக் குறைந்த எச்சமும் பழைய பருமனிலேயே தெரியும். படத்தில் எண்ணிட்டுக் காட்டப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு வரி எழுதுங்கள்: எந்த ஊர், எத்தனை மீட்டர் ஆழம், எந்தத் தேதியில் அளந்தது, நேரில் போய்ப் பார்த்தபோது என்ன தெரிந்தது. கிணறு எண் 37, சோனாங்குப்பம், 6 மீட்டர், காரணம் தெரியவில்லை, தரவில் வைத்திருக்கிறோம் என்று எழுதினாலும் சரிதான்.